அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை: பிரித்து அடைப்பதா, புது மேட்ரஸ் வாங்குவதா?

தாமிரபரணி செல்வி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு விஷயம் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. கல்யாணச் சீரோடு வந்த இலவம்பஞ்சு மெத்தையில்தான் இன்றைக்கும் படுக்கிறார். பஞ்சு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கி, படுத்தால் குழிக்குள் இறங்குகிற மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நடமாடினால் சரியாகிவிடுகிறது. தம்பி, ஆர்த்தோ மேட்ரஸ் ஒன்று ஆன்லைனில் போட்டுவிடலாம் என்கிறான். அம்மாவோ, "அந்த ஃபோம் பெட் எனக்கு ஆகாது, முதுகு வெந்துபோகும். இதையே பிரித்து அடைச்சுக் குடுங்க, போதும்" என்கிறார்.

பழைய பஞ்சைப் பிரித்து மறுபடி அடைத்தால் நிஜமாகவே தேறுமா? புதிது வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இணையத்தில் மேட்ரஸ், டாப்பர், ப்ரொடெக்டர், பெட் என்று ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எதைச் சொன்னால் எது வீட்டுக்கு வரும் என்றே புரியவில்லை. ஊர் திருநெல்வேலி, ஓட்டு வீடு, ஏசி கிடையாது.

நுரைக்கடை:
வணக்கம் செல்வி. கோவையில் ஒரு மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறேன். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் "பெட் காட்டுங்க" என்பார்கள். அவர்கள் கேட்பது மெத்தை. நம் ஊர் வழக்கில் பெட் என்றால் மெத்தை, கட்டில் தனி. ஆன்லைன் கடைகளில் அப்படி இல்லை. அங்கே பெட் என்று தேடினால் மரக்கட்டிலும் இரும்புக் கட்டிலும்தான் முதலில் வரும். மெத்தை வேண்டுமென்றால் மேட்ரஸ் என்றே தேட வேண்டும். டாப்பர் என்பது இருக்கிற மெத்தைமேல் போடுகிற இரண்டு மூன்று அங்குல மெல்லிய மெத்தை. அதை முழு மெத்தை என்று நினைத்து விலை மலிவு என வாங்கிவிட வேண்டாம். ப்ரொடெக்டர் வெறும் உறை, ஈரமும் தூசும் உள்ளே போகாமல் தடுப்பதற்கு.

அளவை அங்குலத்தில் எடுங்கள். சிங்கிள் என்றால் பெரும்பாலும் 72க்கு 36, குயின் 78க்கு 60, கிங் 78க்கு 72. ஆனால் அம்மாவின் கட்டில் அந்தக் காலத்து ஆசாரி செய்ததாக இருந்தால் இந்த எந்த அளவிலும் அடங்காது. கட்டிலின் உள்சட்டத்தை டேப் வைத்து அளந்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.

ஆர்த்தோ என்பது பெரும்பாலும் கம்பெனி வைக்கிற பெயர். எலும்பு மருத்துவர் பார்த்துக் கொடுத்த சான்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே என்னென்ன அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், ஃபோம் என்றால் என்ன டென்சிட்டி என்று கேளுங்கள். டென்சிட்டி 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை. அந்த எண் குறையக் குறைய ஃபோமில் சரக்கு குறைவு, சீக்கிரம் அமுங்கிப் போகும். அட்டையில் டென்சிட்டி போடாத ஃபோம் மெத்தையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இன்னொன்று, டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி கூடின ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம்.

கரிசல்காடு:
செல்வி அக்கா, எதற்கு இவ்வளவு யோசனை? கோரைப்பாய் ஒன்று வாங்கித் தரையில் போடுங்கள். எங்கள் ஊரில் காடுகரை வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பாயில்தான் படுக்கிறார்கள், யாருக்கும் இடுப்புவலி கிடையாது. மெத்தை வந்த பிறகுதான் முதுகுவலியும் வந்தது.

வெள்ளுடை:
கரிசல்காடு தம்பி, உங்கள் வயதுக்குப் பாய் சரி. எழுபது வயதுக்காரரைத் தரையில் படுக்கச் சொல்லும் முன், அவர் இராத்திரி கழிப்பறைக்கு எப்படி எழுந்து போவார் என்று யோசிக்க வேண்டும். நான் செவிலியர். தரையிலிருந்து எழும்போது முழங்கால் பிடித்துத் தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிற முதியவர்களைப் பார்க்கிறேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். மெத்தையை மாற்றும்போது அந்த உயரமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கெட்டியாகப் படுத்தால்தான் முதுகுக்கு நல்லது என்று டாக்டர்களே பல காலம் சொல்லிவந்தார்கள். ஸ்பெயினில் இதைச் சோதித்துப் பார்த்து 2003இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேர். சிலருக்கு மிகக் கெட்டியான மெத்தை, சிலருக்கு நடுத்தரக் கெட்டி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. ஆக, பலகை மாதிரியும் வேண்டாம், குழி விழுவதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், முதுகுத்தண்டு வளையாமல் நேராக இருக்க வேண்டும். பின்னால் நின்று ஒருவர் பார்த்தாலே தெரியும்.

செல்வி, அம்மாவுக்கு வலி காலுக்கு இறங்குகிறதா, மரத்துப் போகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் மெத்தையை அப்புறம் பார்க்கலாம், முதலில் மருத்துவரிடம் போங்கள். எழுந்து நடமாடினால் சரியாகிறது என்கிறீர்கள். மூட்டுத் தேய்மானத்திலும் அப்படி இருக்கும், குழி விழுந்த மெத்தையாலும் இருக்கும்.

போடிமெட்டு:
தேனிப் பக்கத்துக்காரன், இலவ மரம் வைத்திருக்கிற குடும்பம். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மலையடிவாரத்தில் கோடை பிறக்கும்போது இலவங்காய் முற்றும். காய் தானாக வெடித்தால் பஞ்சு காற்றோடு போய்விடும் என்பதால் அதற்கு முன்பே பறித்துக் களத்தில் காயப்போட்டு, ஓட்டை உடைத்து எடுப்போம். பருத்தியில் பஞ்சு விதையில் ஒட்டிக்கொண்டே வளர்கிறது, அதைப் பிரிக்க மில்லுக்குப் போக வேண்டும். இலவத்தில் பஞ்சு ஓட்டின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. விதை தனியாகக் கிடக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். அந்த விதையை ஆட்டினால் எண்ணெயும் வரும்.

இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழல். சுவர் மிக மெல்லியது, மற்றதெல்லாம் காற்று. வெளியே மெழுகு பூசின மாதிரி ஒரு வழவழப்பு. அதனால்தான் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்வதில்லை, தண்ணீரிலும் மூழ்குவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து உயிர்காப்பு அங்கிகளில் அடைத்ததே இந்தப் பஞ்சைத்தான். ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் பஞ்சு வரத்து நின்றுபோக, அமெரிக்கா எருக்கு வகைச் செடி ஒன்றின் பஞ்சைச் சேகரிக்க வேண்டி வந்தது. அவ்வளவு மதிப்பான சரக்கு. நம் வீட்டிலோ பள்ளம் விழுந்ததும் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். எனக்கு அது பொறுப்பதே இல்லை.

செல்வி, அந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துச் சீர் மெத்தை என்றால் உள்ளே கலப்படமில்லாத பஞ்சு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

நுரைக்கடை:
போடிமெட்டு அண்ணன் சொன்ன நல்லதெல்லாம் சரி. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலவம்பஞ்சு ஒவ்வொரு வருடமும் அமுங்கிக்கொண்டே போகும், அந்த இழைக்கு மீளும் சக்தி குறைவு. வெயிலில் போட வேண்டும், தட்ட வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடைக்க வேண்டும். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார்களா? இரண்டாவது, நெருப்பு. இலவம்பஞ்சு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் கட்டிலடியில் வைக்கிற வீட்டில் அது ஆபத்து.

போடிமெட்டு:
நெருப்பு விஷயம் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் ஃபோமும் எரியும். எரிந்தால் வருகிற புகை விஷம். கொசுவர்த்தியைக் கட்டிலடியில் வைக்கக் கூடாது என்பது எந்த மெத்தைக்கும் பொருந்தும்.

கோணிஊசி:
செல்வி அக்கா, எங்கள் அப்பாவும் தாத்தாவும் மெத்தை தைத்தவர்கள். நான் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டாலும் விடுமுறையில் அப்பாவோடு உட்காருவேன். பிரித்து அடைப்பதை எப்படிச் செய்வார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் விஷயம், வேலை உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். கடைக்குக் கொடுத்து அனுப்பினால் உங்கள் பஞ்சுதான் திரும்பி வந்ததா என்று சொல்ல முடியாது. எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, ஆனாலும் நல்ல இலவத்துக்கு விலை இருக்கிறது. உறையைப் பிரிக்கும் முன் மெத்தையை எடை போட்டுவிடுங்கள். பிரித்து, தூசியும் பொடியும் போன பிறகு பஞ்சை மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கழிவு, அதில் பழைய உறையின் எடையும் சேரும். எவ்வளவு புதுப்பஞ்சு சேர்க்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துப் பேசலாம். நீளம் அகலத்தை வைத்து மொத்தமாக விலை பேசாதீர்கள். கிலோவுக்கு என்ன விலை, கூலி தனியா, உறைத்துணி யாருடையது என்று மூன்றையும் பிரித்துக் கேளுங்கள்.

பிரித்த பஞ்சை நல்ல வெயிலில், காற்று அடிக்காத இடத்தில் பரப்ப வேண்டும். முற்றத்தில் பழைய சேலையையோ கொசுவலையையோ மேலே கட்டிவிட்டுச் செய்வோம், இல்லையென்றால் தெரு முழுக்கப் பஞ்சு. கட்டி தட்டியதைக் கையால் பிய்த்துவிட்டு, மெல்லிய கம்பால் அடித்தால் உதிர்ந்து பொங்கும். ஓங்கி அடிக்கக் கூடாது, இழை ஒடிந்து பொடியாகிவிடும். எவ்வளவு அடித்தாலும் பொங்காமல் மாவு மாதிரி உதிர்கிற பஞ்சு செத்துப்போன பஞ்சு. அதைத் திரும்ப அடைக்க விடாதீர்கள். இந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் வர வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருப்பதே நல்லது. வேலை செய்கிறவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா அந்தக் காலத்தில் கட்டிக்கொள்ளாமல் செய்ததன் இருமல் இன்றைக்கும் இருக்கிறது.

உறைக்கு நெருக்கமாக நெய்த கெட்டித் துணி வேண்டும். சாதாரணத் துணியாக இருந்தால் பஞ்சு இழை வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். மூலைகளில் முதலில் அடைத்து, பிறகு ஓரம், கடைசியில் நடு. அப்புறம்தான் முக்கியமான வேலை. கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்து மேலிருந்து கீழாக வாங்கி, இடைவெளி விட்டு வரிசையாக முடிச்சு போட வேண்டும். பஞ்சு ஓரத்துக்கு ஓடாமல் பிடித்துவைப்பது அந்த முடிச்சுதான். உங்கள் மெத்தையில் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால், முடிச்சுகள் அறுந்திருக்கின்றன என்று அர்த்தம். பஞ்சு கெட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும்.

தாமிரபரணி செல்வி:
தம்பி, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லை! ஓரத்தில் சில மட்டும் பிடித்திருக்கின்றன. மருத்துவரிடமும் காட்டினோம். மூட்டுத் தேய்மானம் லேசாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். குழியில் படுக்க வேண்டாம் என்று அவரும் சொன்னார்.

புதுப்பஞ்சு சேர்க்கும்போது அது இலவம்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெருவில் வேனில் வருகிறவர் மிகக் குறைந்த விலை சொல்கிறார்.

போடிமெட்டு:
மூன்று சோதனை, மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு சிட்டிகை பஞ்சை விரலிடையே வைத்துத் திரியுங்கள். பருத்தியாக இருந்தால் விளக்குத்திரி மாதிரி முறுக்கிக்கொள்ளும். இலவம் வழுக்கிப் பிரிந்துவிடும், அதனால்தான் அதில் நூல் நூற்பது கடினம். அடுத்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு விரலால் அழுத்துங்கள். இலவம் விட்டவுடன் மேலே வரும், ஈரமும் ஏறியிருக்காது. மில் கழிவுப் பஞ்சு மெல்ல நனைந்து இறங்கும். ஆனால் மெழுகு நீக்காத பச்சைப் பருத்தியும் கொஞ்ச நேரம் மிதக்கும், ஆகவே தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, திறந்த வெளியில் ஒரு தட்டில் மிகச் சிறிய துணுக்கை வைத்துக் கொளுத்திப் பாருங்கள், மொத்தப் பஞ்சும் தள்ளி இருக்கட்டும். இலவமும் பருத்தியும் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். ஒரே ஒரு இடத்தில் எடுக்காமல் மூட்டையின் அடியிலிருந்தும் எடுங்கள். மேலே நல்ல பஞ்சு, அடியில் கழிவு என்று கட்டுகிற வழக்கம் உண்டு.

ஈப்போ தமிழன்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதைக் கெக்காபு என்பார்கள். முன்பு கம்பத்து வீடுகளில் கெக்காபு தலையணை இல்லாத வீடு குறைவு. இப்போது ஃபோம்தான். நான் ஊரிலிருந்து தலையணை தைத்துக் கொண்டுவருவேன். ஒரே குறை, மழைக்காலத்தில் வாடை வருகிறது. துவைக்கலாமா?

கோணிஊசி:
துவைக்கவே கூடாது ஐயா. மெழுகுப் பூச்சு இருந்தாலும் சோப்பு பட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். அப்புறம் கட்டி கட்டியாகிக் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். உறைக்கு மேல் இன்னொரு உறை போட்டு அதை மட்டும் துவையுங்கள். வெயில் வரும் நாளில் ஒரு பக்கம் சில மணி நேரம், திருப்பி மறுபக்கம். சூடு தணிந்த பிறகு தட்டி எடுத்து வைத்தால் போதும்.

புது அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இலவம்பஞ்சில் குட்டி மெத்தையும் தலையணையும் தைத்துத் தரலாம் என்று மாமியார் சொல்கிறார். உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். செய்யலாமா?

வெள்ளுடை:
வாழ்த்துகள். ஆனால் வேண்டாம், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரு வயது வரை குழந்தை தூங்குகிற இடம் கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். பஞ்சு எதுவாக இருந்தாலும் முகம் புதைகிற மாதிரி மெத்தென்று இருந்தால் மூச்சு முட்டும் அபாயம் உண்டு. முகம் புதைந்துவிட்டால் பச்சிளங்குழந்தையால் தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ள முடியாமல் போகலாம். தலையணையே தேவையில்லை. கடுகுத் தலையணையும் இதில் அடக்கம். மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கத்தில் கனமான போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் மெத்தையில் நடுவே போட்டுத் தூங்குவதும் சரியல்ல. மாமியார் ஆசையாகச் சொல்கிறார், அதைப் புண்படுத்தாமல் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை வளர்ந்த பிறகு அவர் கையால் ஒரு தலையணை தைத்துத் தரட்டும்.

படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இலவம் போதாது. படுக்கைப்புண் வராமல் இருக்க, மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் வேண்டும். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடத்தான் வேண்டும்.

கரிசல்காடு:
மெமரி ஃபோம் என்று பெரிய விலைக்கு விற்கிறார்களே, அதை யாருமே சொல்லவில்லை? அதுவாவது சூடில்லாமல் இருக்குமா?

நுரைக்கடை:
அது 1966இல் நாசாவுக்காக உருவான பொருள், விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. உடல் சூடு பட்டால் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். இளகுவதற்கே சூடு வேண்டும் என்றால் அது சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது புரிகிறதல்லவா? ஏசி அறையில் சிலருக்கு அருமையாக இருக்கும். திருநெல்வேலி ஓட்டு வீட்டில் சித்திரை மாதம் ஏசி இல்லாமல் அம்மாவை அதில் படுக்கவைக்க நானே சொல்ல மாட்டேன். அம்மா "முதுகு வெந்துபோகும்" என்றது சரியான பேச்சுதான்.

எனக்குத் தோன்றும் வழி இது. அடியில் ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை, அதாவது காயர் மெத்தை, நான்கு அங்குலம். நாரின்மேல் ரப்பர் பாலைத் தெளித்துப் பதப்படுத்திச் செய்வது. கெட்டியாகவும் இருக்கும், நாருக்கு இடையே காற்றும் போகும். அதன்மேல் அம்மாவின் இலவம்பஞ்சைக் கனம் குறைத்து அடைத்துப் போடுங்கள். கெட்டி அடியில், மென்மை மேலே. வெள்ளுடை அக்கா சொன்ன நடுத்தரக் கெட்டி அப்படித்தான் கிடைக்கும்.

கோணிஊசி:
அண்ணன் சொல்வது நல்ல யோசனை. மேல் மெத்தை கனம் குறைவாக இருந்தால் வெயிலுக்குத் தூக்கவும் சுலபம். முடிச்சை மட்டும் நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். மிஞ்சுகிற பஞ்சில் தலையணை தைத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணி செல்வி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியே செய்துவிட்டோம். டவுனில் மெத்தை தைக்கிற பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே இருந்தது சுத்தமான இலவம். நடுவில் கொஞ்சம் மாவாகியிருந்தது, அதைக் கழித்துவிட்டார். மேல் மெத்தையை மெல்லியதாகத் தைத்ததால் புதுப்பஞ்சு வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. தம்பிதான் காயர் மெத்தை வாங்கித் தந்தான், கட்டில் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். காலையில் அந்தப் பிடிப்பு குறைந்திருக்கிறது என்கிறார் அம்மா. உயரம் ஏறிவிட்டதால் கால் தரையில் படியவில்லை, அதனால் கட்டில் காலை ஆசாரியிடம் சொல்லிக் குறைக்கப் போகிறோம்.

ஒரு சந்தேகம் பாக்கி. கட்டிலில் முழுப் பலகை அடித்திருக்கிறது. அதன்மேல் காயர் மெத்தையை அப்படியே போடலாமா?

நுரைக்கடை:
போடலாம், ஆனால் காற்றோட்டம் இருக்காது, அடியில் ஈரம் தங்கும். ஆசாரி வரும்போது பலகையில் வரிசையாகத் துளை போடச் சொல்லுங்கள், அல்லது பலகையை எடுத்துவிட்டு இரண்டு அங்குல இடைவெளியில் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடிக்கச் சொல்லுங்கள். இடைவெளி அதற்குமேல் போனால் காயர் அந்த இடத்தில் தொய்ந்துவிடும். மாதம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக வையுங்கள், எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று அதில்தான் போட்டிருக்கும்.